உயர்கல்வி வாய்ப்பும் விருப்ப வரிசையும்

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய காலந்தொட்டு 1959 வரை இந்நாட்டில் ஒரே பல்கலைக்கழகந்தான் இருந்தது. அன்று சர்வகலாசாலை என்றாலே போதும். எது என்று எவரும் கேளார். இன்றோ திருகோணமலை மாவட்டத்து மாணவனுக்குத் தன் மாவட்டத்திலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் 2001 முதல் இருக்கின்றது. யாழ்ப்பாணம், பேராதனை, மொறட்டுவை, ஒலுவில் எனப் பிற வாயில்களும் உள. வாயில்கள் பெருகவே மயக்கமும் பெருகிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், தோப்பூரிலிருந்து தந்தையும் மகனும் எம்மை நாடி வந்தனர். மகன் பௌதிக விஞ்ஞானப் பிரிவிற் சித்தியெய்தியவன். தந்தை வேளாண்மை செய்பவர். மகனுடைய விண்ணப்பத்தில் முதலிடத்தில் திருகோணமலை வளாகத்துக் கணினி விஞ்ஞானம் எழுதப்பட்டிருந்தது. “தம்பி, உன் மனம் எதை நாடுகின்றது?” என்றோம். சற்றுத் தயங்கிப் பொறியியல் என்றான். “பின் அதை ஏன் எழுதவில்லை?” “சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளி என் புள்ளியிலும் சிறிது கூட, ஐயா. முதலிடம் வீணாகிவிடும்.”

இத்தவறான எண்ணம் இவனொருவனுக்கே உரியதன்று. ஆதலின் தெரிவு நடைபெறும் முறையைச் சிறிது விளக்குதல் தகும். 2001 முதல் இசட் புள்ளியே அடிப்படை. ஒருவன் பெற்ற புள்ளி அப்பாடத்தின் சராசரியிலிருந்து எத்துணை விலகி நிற்கின்றது என்பதை நியம விலகலால் வகுத்துக் காண்பது அது. வினாத்தாள் கடினமான பாடத்தைக் கற்றவன் இழப்படையாதிருத்தற் பொருட்டு வந்தது. பல கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டத் திறமைக்கும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. எமது மாவட்டமும் அவ்வைந்திற் பங்குடையது. புள்ளி வரிசையில் ஒருவனது முறை வரும்போது, அவன் எழுதிய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, எட்டக்கூடிய முதல் இடத்தை அவனுக்கு அளிப்பர். மேலே எழுதியது கிட்டாதொழியின் கீழேயுள்ளதற்கு ஒரு குறைவும் நேராது. ஆனால் மனம் நாடியதைக் கீழே தள்ளியவனுக்கு மேலேயுள்ளது கிட்டிவிட்டால், நாடியது கைநழுவிப் போகும். சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளி இவ்வாண்டுக்குக் கட்டளையுமன்று. போட்டியிடுவோர் மாற அதுவும் மாறும்.

பல அழைப்புக்களைக் கையில் வைத்துக்கொண்டு தெரிதல் அரச பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை இல்லை. வருவது ஒன்றே. தெரிவு முழுவதும் விண்ணப்பம் எழுதும் அந்த மாலைப் பொழுதிலேயே நடந்து முடிகின்றது.

தந்தையின் கவலை வேறு. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் இடம் தருவதாகவும், இரு வாரத்தில் முற்பணம் கட்டவேண்டும் என்றும் எழுதியிருந்தது. அவர் வயலை ஈடுவைக்கத் துணிந்திருந்தார். பெறுபேற்றுக்கும் வெட்டுப்புள்ளி வெளியாவதற்கும் இடையே மாதங்கள் கழிகின்றன. அவ்விடைவெளியில் இத்தகைய கடிதங்கள் வருதல் வழக்கம். அவற்றுள் நல்லனவும் உள. 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்து 25அ பிரிவின்கீழ்ப் பட்டமளிக்க அந்நிறுவனத்துக்கு அங்கீகாரம் உண்டா, அல்லது வெளிநாட்டுப் பட்டமெனின் எந்தப் பல்கலைக்கழகம் அளிப்பது, அரச இடம் கிட்டினால் முற்பணம் திரும்புமா என மூன்று வினாக்களை எழுத்திற் கேட்குமாறு கூறினோம். மூன்றாவதற்கு மறுமொழி வரவில்லை.

ஊர் அண்மையையும் யாம் இகழ்ந்துரைக்கவில்லை. 2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன் மூதூர் இறங்குதுறையில் படகுக்கும், தரைவழியிற் பாதைக்கும் காத்திருந்தோர் எம்முட் பலர். இன்று தோப்பூரிலிருந்து நிலாவெளிக் கோணேசபுரி வளாகத்துக்கு வீட்டிலிருந்தே சென்றுவரலாம், விடுதிச் செலவில்லை. ஆயினும் நாள்தோறும் பேருந்திற் கழியும் பொழுதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். பொறியியலோ கணினியோ, போதனாமொழி எங்கும் ஆங்கிலமே. ஆகவே மொழியச்சத்தால் ஊரைத் தெரிதலிற் பயனில்லை.

நெடுநேரம் பேசியபின் மகன் புதிய தாளில் எழுதினான்: பேராதனைப் பொறியியல், மொறட்டுவை, யாழ்ப்பாணம், நான்காவதாகத் திருகோணமலைக் கணினி விஞ்ஞானம். மூன்றாமிடத்தையும் நான்காமிடத்தையும் மாற்றலாமா எனத் தந்தை மெல்லக் கேட்டார். அதை அவர்களே வீடு சென்று தீர்மானிக்கட்டும் என விட்டோம்.