எழுதுவோர் கோப்பும் அச்சகத்தார் கோப்பும்

கிராம சபை அறிவிப்பு, வரவு செலவு அறிக்கை, வளர்ச்சித் திட்டப் புத்தகம், புயற்காலத் துண்டுப் பிரசுரம் எனப் பஞ்சாயத்தின் பெயரால் இன்று அச்சாகும் காகிதங்கள் பல. இவற்றை எழுதுவோர் ஒருவர். பக்கமாக அமைத்துத் தருவோர் மற்றொருவர். முன்னவர் பஞ்சாயத்து அலுவலகத்தில் இருக்கிறார். பின்னவர் செங்கற்பட்டிலோ திருக்கழுக்குன்றத்திலோ ஓர் அச்சகத்தில் இருக்கிறார். இருவருக்கும் இடையே போய்வருவது கணினிக் கோப்பு. அது எவ்வாறு போகவேண்டும், யார் எப்பொழுது அதில் கைவைக்கலாம் என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். அது அச்சகத்தார் விஷயம், நமக்கென்ன என்று எவரும் எண்ண வேண்டாம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

கல்பாக்கத்தை அடுத்துக் கடலோரத்தில் உள்ள புதுப்பட்டினம், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையைக் கண்ட ஊர். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புயல் வந்தால் எந்தத் தெருவார் எந்தக் கட்டடத்துக்குச் செல்வது, யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்னும் விவரங்களை நான்கு பக்கப் பிரசுரமாக அச்சிட்டு, அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபையில் வழங்குவதென ஓர் ஆண்டு ஏற்பாடு செய்தோம். பஞ்சாயத்துச் செயலர் விவரங்களைத் தட்டச்சு செய்து அச்சகத்துக்கு அனுப்பினார். அச்சகத்தார் அந்த வாசகத்தை எடுத்துத் தம் பக்கங்களில் இட்டு, கண்ணிற் பட்ட எழுத்துப் பிழைகளையும் திருத்தினார். இதற்கிடையே, குப்பத்து மக்களுக்கெனக் குறித்திருந்த பழைய கட்டடத்தின் கூரை பழுதென்று தெரியவந்தது. செயலர் தம் கோப்பில் வேறொரு கட்டடத்தின் பெயரை எழுதினார். ஒரு தொலைபேசி எண்ணையும் மாற்றினார். அதே பெயருடன் கோப்பை மறுபடி அனுப்பினார்.

அச்சகத்தாரின் சங்கடத்தைப் பாருங்கள். புதிய கோப்பை அப்படியே பக்கத்தில் கொட்டினால் அவர் செய்த திருத்தங்கள் யாவும் போய்விடும். ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேறுபட்ட இடங்களைக் கண்ணால் தேடி மாற்றினார். தொலைபேசி எண் மாறியது. கட்டடத்தின் பெயர் தப்பிவிட்டது. மெய்ப்பில் கையொப்பமிட்ட நாமும் கவனிக்கவில்லை. அச்சான கட்டுகள் வந்திறங்கிய மாலையில், குப்பத்து மூதாட்டி ஒருவர் ஒரு பிரதியைப் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "ஐயா, அங்கதான் ஓடெல்லாம் பேந்து கிடக்குதே, அங்கயா எங்களைப் போகச் சொல்றீங்க?" என்றார். அன்றிரவு அலுவலகத்தில் அனைவரும் அமர்ந்து, ஒவ்வொரு பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒட்டினோம்.

தவறு யாருடையதென்று விசாரித்தபோது, செயலரும் திருத்தியிருந்தார், அச்சகத்தாரும் திருத்தியிருந்தார் என்பதே தெரிந்தது. திருத்தம் இரண்டு கோப்புகளில் நடந்ததே கேட்டுக்குக் காரணம்.

ஈய எழுத்துக்களைக் கையால் கோத்து அச்சிட்ட காலத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. கோத்த எழுத்து அச்சகத்தில் ஒரே இடத்தில் இருந்தது. எழுதியவர் மெய்ப்புத் தாளின் ஓரத்தில் குறித்தனுப்புவார். அச்சுக் கோப்பவர் ஒருவரே எழுத்தைத் தொடுவார். கணினி வந்தபின் நகல் எடுப்பது எளிதாயிற்று. எது மூலம், எது நகல் என்பது மறைந்துபோயிற்று. ஏரிப் பாசனம் உள்ள ஊரார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மடையைத் திறக்க நீர்க்கட்டி ஒருவர் இருக்கிறார். தண்ணீர் வேண்டியவர் அவரிடம் சொல்வாரேயன்றித் தாமே போய்த் திறப்பதில்லை. கோப்புக்கும் ஒரு நேரத்தில் ஒரு நீர்க்கட்டிதான் இருக்கலாம்.

பெரிய பத்திரிகை அலுவலகங்களில் இதற்கென்றே மென்பொருள் உண்டு. அடோபி நிறுவனத்தின் இன்டிசைன் என்பது பக்கம் அமைப்போர் பயன்படுத்துவது. அதற்குத் துணையான இன்காப்பி எழுதுவோருக்கானது. பக்கம் அமைப்பவர் ஒவ்வொரு கட்டுரையின் வாசகத்தையும் தனிக்கோப்பாகப் பிரித்துப் பொது இடத்தில் வைத்துவிடுகிறார். பக்கத்தில் அந்த வாசகத்துக்கு ஓர் இணைப்பு இருக்கும். எழுதுபவர் அதனைத் தம் பெயரில் எடுத்தவுடன் பூட்டு விழுகிறது. மற்றவர்கள் படிக்கலாம், மாற்ற இயலாது. அவர் திருத்தித் திருப்பி வைத்ததும், வாசகம் மாறியுள்ளது என்ற அடையாளம் பக்கம் அமைப்பவருக்குத் தோன்றும். அவர் அதனைப் புதுப்பித்துக்கொள்வார். ஒருவர் வாசகத்தைத் திருத்தும்போதே மற்றவர் படங்களையும் கட்டங்களையும் அமைக்கலாம். இடத்துக்கு மேல் எத்தனை வரி மிகுந்துள்ளது என்பதையும் எழுதுபவர் தாமே கண்டு குறைக்கலாம்.

இவை சந்தா கட்டிப் பெறும் மென்பொருள்கள். பஞ்சாயத்து இவற்றை வாங்கவேண்டுமென நாம் சொல்லவில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸ் என்னும் பக்க அமைப்பு மென்பொருளும், லிப்ரே ஆபீஸ் என்னும் எழுது மென்பொருளும் நமக்குப் போதும். பொது இடத்தில் உள்ள ஒரு கோப்பை ஒருவர் திறந்திருக்கையில் மற்றொருவர் திறந்தால், படிக்க மட்டும் அனுமதிக்கும் பூட்டு லிப்ரே ஆபீஸிலும் உண்டு. மென்பொருளைவிட அந்தப் பூட்டின் ஒழுங்கே முக்கியம். அச்சகத்துக்கு அனுப்பும் நாள் வரையில் வாசகம் செயலருடையது. அனுப்பியபின் அது அச்சகத்தாருடையது. செயலர் தம் கோப்பைத் தொடாமல், வேண்டிய திருத்தங்களை மெய்ப்பின் மீதே எழுதி அனுப்ப வேண்டும். திருத்தம் மிகுதியானால், பக்கத்திலுள்ள வாசகத்தை அச்சகத்தாரிடமிருந்தே திரும்பப் பெற்று, அதில் திருத்தி அனுப்புதல் நலம். கோப்பின் பெயரில் நாளையும் எண்ணையும் இட வேண்டும். 'இறுதி', 'மிக இறுதி', 'உண்மையான இறுதி' என்று மூன்று கோப்புகளை ஓர் அலுவலகத்தில் நாம் கண்டிருக்கிறோம். அவற்றுள் எது கடைசி என்பதை அதை வைத்திருந்தவராலும் சொல்ல முடியவில்லை.

அடுத்து எழுத்துரு. தமிழில் இதுவே பெருந்தொல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தார்கள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால், கணினி தன் நினைவில் வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளையே. பாமினி இல்லாத கணினியில் அந்த ஆங்கிலக் குறிகளே தோன்றும். அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் வழங்கிய வானவில் எழுத்துருவின் அடுக்கு வேறு. ஆகவே பாமினிக் கோப்பை வானவில்லில் திறந்தால் எழுத்துக்கள் பல பிழையாகத் தோன்றும். ஒருங்குறியில் தமிழுக்கெனத் தனியே 128 இடங்கள் உண்டு; 1991-ல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2010-ல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், அது கைகொடாத இடங்களுக்கு டேஸ்16 என்பதையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆகவே செயலர் ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்தல் வேண்டும்.

எனினும் தொல்லை அத்துடன் தீர்வதில்லை. சில அச்சகங்கள் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளை விடவில்லை. 2001-ல் வந்த 7-ஆம் பதிப்புடன் நின்றுபோன அது ஒருங்குறியை அறியாது. அத்தகைய அச்சகத்தார் நாம் அனுப்பியதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றியே பக்கம் அமைப்பர். மாற்றும்போது எண்களும் குறியீடுகளும் பிறழக்கூடும். இன்டிசைனில் பத்தி அமைப்பை இந்திய மொழிகளுக்கேற்ப வைக்காவிடில், கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நிற்கும். கோப்பு அனுப்புமுன், எந்த மென்பொருள், எந்த எழுத்துரு என்று அச்சகத்தாரைக் கேட்டுக்கொள்வது ஒரு நிமிட வேலை. மாற்றம் நடந்திருந்தால், மெய்ப்பில் தொலைபேசி எண்களையும் தொகைகளையும் ஒருவர் படிக்க மற்றொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அலங்காரம் செய்து அனுப்பவேண்டாம். இடைவெளிக் கட்டையை இருபது முறை தட்டித் தலைப்பை நடுவில் நிறுத்துவது, வண்ணக் கட்டங்கள் போடுவது எல்லாம் அச்சகத்தாருக்கு இரட்டை வேலை. அவர் அவற்றை ஒவ்வொன்றாக அழித்த பின்பே தம் வேலையைத் தொடங்க வேண்டும். எது தலைப்பு, எது உட்தலைப்பு என்று பாணியால் குறித்தால் போதும்.

படங்களைத் தனியே அனுப்புக. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் எடுத்தபடியே போகும். அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். நான்கு அங்குல அகலப் படத்துக்கு 1,200 புள்ளிகள். பக்க அமைப்புக் கோப்பில் படம் பெரும்பாலும் உள்ளே இருப்பதில்லை, இருக்குமிடத்தின் குறிப்பே இருக்கும். ஆகையால் ஓர் அச்சகத்திலிருந்து மற்றோர் அச்சகத்துக்கு வேலையை மாற்றும்போது பக்கக் கோப்பை மட்டும் வாங்கிவந்தால் படங்கள் வாரா. எழுத்துருவும் படங்களும் சேர்த்துக் கட்டித் தரும் வசதி இன்டிசைனிலும் ஸ்கிரைபஸிலும் உண்டு. அதனைக் கேட்டுப் பெறவேண்டும்.

வேலை முடிந்தபின் அச்சகத்தார் பிடிஎப் கோப்பு ஒன்றை மட்டும் தருவது வழக்கம். அது அச்சிடவும் படிக்கவும் ஏற்றது, திருத்துவதற்கன்று. பழைய எழுத்துருவில் செய்த பிடிஎப்பிலிருந்து வாசகத்தைப் பிரித்தெடுத்தால் ஆங்கிலக் குறிகளே கிடைக்கும். இதை அறியாது, அடுத்த ஆண்டுப் பிரசுரத்தை முதலிலிருந்து தட்டச்சு செய்த பஞ்சாயத்துகள் உண்டு. ஆகவே கடைசித் தொகையைக் கொடுக்குமுன், அச்சான வாசகம் ஒருங்குறியில், படங்கள், பக்கக் கோப்பு, பிடிஎப் ஆகிய நான்கையும் ஒரே உறையில் பெற்று, பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு படியும் வட்டார அலுவலகத்தில் ஒரு படியும் வைக்கவேண்டும். புதுப்பட்டினத்துப் பிரசுரத்துக்கு அடுத்த ஆண்டு அவ்வாறு வைத்த கோப்பிலிருந்தே வேலையைத் தொடங்கினோம். முதலில் திருத்திய வரி, குப்பத்தார் தங்கவேண்டிய கட்டடத்தின் பெயர்.