ஆவி பிடிக்கும் கருவி: அடுப்படியிலிருந்து அங்காடிக்கு

ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் நம் சேலம், நாமக்கல் சமவெளியில் ஆவி பிடிக்காத வீடு அபூர்வம். வேலியோரத்து நொச்சித் தழை ஒரு கொத்து, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை, ஒரு பானைக் கொதிநீர், தலைக்கு மேல் ஒரு போர்வை, இவ்வளவுதான். வேது பிடித்தல் என்றும் இதைச் சொல்வதுண்டு. இதற்கு ஒரு கருவி எதற்கு என்று பாட்டிமார் கேட்பது நியாயமே. ஆயினும், அத்தகைய கருவி ஒன்றை நாமே வீட்டில் அமைத்து, அதைப் பிறர் விலை கொடுத்து வாங்கும் பொருளாகவும் ஆக்க வேண்டுமானால் என்னென்ன அறிந்திருக்க வேண்டும்? இதைப் பற்றி இக்கட்டுரையில் ஆராய்வோம். பாதி பௌதிகப் பாடம்; பாதி வாணிபப் பாடம்.

வீட்டில் செய்த ஆவிக் கருவி வீதிக்கு வந்த காட்சியைத் தமிழகம் அண்மையில் கண்டது. 2021ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, பல இடங்களில் பிரஷர் குக்கரே ஆவிக் கருவியாயிற்று. வெயிட்டை எடுத்துவிட்டு, ஆவி வெளிவரும் துவாரத்தில் ஒரு குழாயை மாட்டி, பொது இடங்களில் மக்கள் வரிசையாக வந்து ஆவி பிடித்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஒருவருடைய மூச்சும் இருமலும் அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிடும் என்பதால், பொது இடத்தில் ஆவி பிடிக்க வேண்டாம் என்று மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொண்டார்.

நோய் பரவுவது ஒருபுறம் இருக்கட்டும். குக்கரின் மூடித் துவாரம் மிகவும் சிறியது. நொச்சி இலை ஒன்று மேலெழும்பி அதை அடைத்துக்கொண்டால், அல்லது வெப்பத்தில் இளகிய குழாய் மடிந்துகொண்டால், உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். வெயிட் போட்ட குக்கருக்குள் நீரின் வெப்பம் சுமார் 120 டிகிரி. பாதுகாப்பு வால்வு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது மூடிய குக்கருக்கு எதிரே ஒருவர் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எண்ணி அமைக்கப்பட்டதன்று. பருப்பு வேக வைப்பதற்கென்று செய்யப்பட்ட பாத்திரம் அது.

ஆவி ஏன் இவ்வளவு பொல்லாதது? உள்ளுறை வெப்பம் என்ற பாடத்தை நினைவுகூர்வோம். 100 டிகிரியில் உள்ள 1 கிராம் கொதிநீர் நம் தோலின் மேல் பட்டு 37 டிகிரிக்குக் குளிர்ந்தால் 63 கலோரி வெப்பத்தைத் தருகிறது. அதே 1 கிராம் நீராவியானால் முதலில் நீராக மாறும்போதே 540 கலோரி. பிறகு அந்த 63. ஆக 603 கலோரி, அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு! இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நாம் வெள்ளையாகப் பார்ப்பது ஆவியே அல்ல. ஆவி குளிர்ந்து உண்டான நுண்ணிய நீர்த்துளிகள். உண்மையான ஆவி குழாயின் வாயருகே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. வெண்புகை தொடங்கும் இடத்துக்கும் குழாய் வாய்க்கும் நடுவே உள்ள அந்த வெற்றிடத்தில்தான் விரல் பொசுங்குகிறது. (ஏற்காட்டில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் நீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அதனால் அங்கே பயமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 60 டிகிரி நீரே சில விநாடிகளில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும்.)

இந்தத் தொல்லையை முதலில் எண்ணிப் பார்த்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவர் ஜான் மட்ஜ். 1778இல் அவர் தம் கருவியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வெள்ளீயக் கலவையில் செய்த சாதாரண மூடிக் குவளைதான் அது. ஆனால் அதன் கைப்பிடி குடைவானது. அதிலுள்ள துளைகளின் வழியே வெளிக்காற்று உள்ளே போய், வெந்நீரின் ஊடே குமிழிட்டு, ஈரமும் இளஞ்சூடும் பெற்று, மூடியிலுள்ள குழாய் வழியே நோயாளியின் வாய்க்கு வருகிறது. நோயாளி இழுக்கும் மூச்சே ஆவியைக் கொண்டுவருகிறது. கொதிக்கும் ஆவி முகத்தில் பாய்வதில்லை. அடுத்த நூற்றாண்டில், 1860களில், லண்டனில் நெல்சன் கருவி என்ற பீங்கான் ஜாடி விற்பனைக்கு வந்தது. கொள்கை மட்ஜ் சொன்னதுதான். பொருள் மட்டும் மலிவான மண். மலிவாக இருந்ததால் அது நெடுங்காலம் விற்பனையில் நின்றது. நம் குயவர் சூளையிலும் இத்தகைய ஜாடியைச் சுட்டெடுக்கலாம் என்றே எண்ணுகிறோம். மின்சாரமே வேண்டாம்!

மின்சாரத்தால் இயங்குவதே வேண்டும் என்போருக்கு இரண்டு வழிகள் உண்டு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கருவிகள் பலவற்றில் சுருள் கம்பியே கிடையாது. இரண்டு உலோகத் தகடுகள் நீரில் நிற்கின்றன. மின்சாரம் ஒரு தகட்டிலிருந்து மற்றொன்றுக்கு நீரின் வழியாகவே பாய்கிறது. நீரே சூடேறிக் கொதிக்கிறது. நீர் வற்றித் தகடுகளுக்குக் கீழே இறங்கியதும் மின்னோட்டம் தானே நின்றுவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் பிளக் செருகியிருக்கும் வரை அந்த நீரில் மின்சாரம் இருக்கிறது என்பதை மறக்கலாகாது. மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்க்கும் குழந்தைக்கு இது தெரியுமா?

நம் ஊர்க்காரர்கள் தனியே கவனிக்க வேண்டிய விஷயமும் இங்கேதான் இருக்கிறது. நீரில் மின்சாரம் பாய்வது அதில் கரைந்துள்ள உப்புகளால். உப்பு இரு மடங்கானால் மின்னோட்டமும் ஏறக்குறைய இரு மடங்காகும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காவிட்டால் 2,000 வரை போகலாம் என்றும் இந்தியத் தர விதி கூறுகிறது. ஆகவே குடிக்கத் தகுந்தது என்று சொல்லப்படும் நீருக்குள்ளேயே நான்கு மடங்கு வேறுபாடு!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேட்டூர்க் காவிரி நீர் வரும் வீட்டில் நம் கருவி 230 வோல்ட்டில் 1.3 ஆம்பியர், அதாவது சுமார் 300 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 கிராம் நீரை ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும். எனவே நிமிடத்துக்கு 8 கிராம் ஆவி. பத்து நிமிடத்துக்கு 80 கிராம். ஒருவருக்கு இது தாராளம். அதே கருவியைப் பாறைக்கடியில் ஆழ்துளைக் கிணறு போட்ட வீட்டில், உப்பு மூன்று நான்கு மடங்கு உள்ள நீர் ஊற்றிப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? மின்னோட்டம் நான்கு, ஐந்து ஆம்பியருக்குப் போகும். பியூஸ் போகும், அல்லது கொதிநீர் துப்பிக்கொண்டு வெளியே தெறிக்கும். சுத்திகரித்த கேன் தண்ணீரை ஊற்றினாலோ கருவி வெறுமனே உட்கார்ந்திருக்கும். ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள் என்று சில கருவிகளின் சீட்டில் எழுதியிருப்பது இதனால்தான். ஆனால் யாருடைய சிட்டிகை? தன் வீட்டுத் தண்ணீரில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு நூறு கருவிகளை விற்பவர், நூறு வீட்டுத் தண்ணீரையும் சோதிக்காமல் விற்றவர் ஆகிறார்.

இரண்டாவது வழி, சுருள் கம்பியை எஃகு உறைக்குள் அடைத்து நீரைச் சூடாக்குவது. இதில் உப்பின் அளவு மின்னோட்டத்தை மாற்றாது. நீரிலும் மின்சாரம் ஏறாது. ஆனால் நம் கிணற்று நீரின் சுண்ணாம்பு உறையின் மேல் படிந்துகொண்டே வரும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பார்த்திருப்பீர்கள். எலுமிச்சைச் சாறு ஊற்றி ஊறவைத்தால் அது கரையும். நீர் வற்றியபின் கம்பி காய்ந்து எரியாதபடி வெப்பக் கட்டுப்பாட்டு ஸ்விட்சும், அது பழுதானால் துண்டித்துவிட வெப்ப பியூஸும் வேண்டும். விலை கூடும். ஆயினும் நம் சமவெளிக்கு இதுவே ஏற்றது என்பது நம் கருத்து.

எந்த வழியானாலும் ஆவியைவிட அதிகம் சுடுவது கவிழ்ந்த நீர். ஆவி பிடிக்கும்போது கிண்ணம் மடியில் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோன செய்திகள் பல நாடுகளின் மருத்துவ இதழ்களில் வெளிவந்துள்ளன. ஆகவே அடி அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருக்க வேண்டும். 80 கிராம் ஆவிக்கு ஒரு லிட்டர் நீர் தேவையில்லை, கால் லிட்டர் போதும். சாய்ந்தாலும் மூடி திறந்துகொள்ளாமல் திருகிப் பூட்ட வேண்டும். தழைக்குத் தனிக் கூடை வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கற்பூரமும் மெந்தாலும் ஆகாது.

இனிக் கடைத்தெருவுக்கு வருவோம். முதல் கேள்வி, பெட்டியின் மேல் என்ன எழுதுவது? ஆவி மூக்கடைப்புக்கு இதமாக இருக்கிறது என்பது பலர் அனுபவம். ஆனால் சூடான ஈரக்காற்றால் ஜலதோஷத்துக்கு உறுதியான பயன் உண்டு என்று நிலைநாட்டப்படவில்லை என 2017இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு கூறிற்று. கொரோனாக் கிருமியை ஆவி கொல்லும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆஸ்துமாவைப் போக்கும், சளியை வேரறுக்கும் என்றெல்லாம் எழுத ஆசை வரலாம். சில நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மேலும், நோய் தீர்க்கும் சாதனம் என்று சொல்லி விற்றால், 2020 ஏப்ரல் முதல் மருத்துவ சாதனங்கள் யாவும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டபடியால், அதற்குரிய பதிவும் உரிமமும் கேட்பார்கள்.

அடுத்தது காப்புரிமை. நொச்சித் தழையில் ஆவி பிடிப்பது மரபு அறிவு. அதற்கு யாரும் காப்புரிமை கோர முடியாது. நாம் புதிதாக அமைத்த மூடிக்கோ குழாய்க்கோ கோரலாம். கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். ஆனால் விண்ணப்பம் சென்னை கிண்டி அலுவலகத்தில் சேருமுன் பொருட்காட்சியிலோ பள்ளி ஆண்டுவிழாவிலோ கருவியை ஊரறியக் காட்டிவிட்டால், புதுமை போயிற்று என்று பொதுவாகத் தள்ளிவிடுவார்கள். ஆர்வமுள்ள தோழியர் பலர் இதை அறியார்.

செய்வது ஒன்று, விற்பது வேறொன்று என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. 1943இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். எல்லாம் கைவேலை. வெங்கடாசலக் கவுண்டர் என்னும் மெக்கானிக் இயந்திரங்களைத் திருத்தி அமைத்த பிறகு உற்பத்தி பல மடங்கு பெருகிற்று. ஆனால் உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி விற்பதற்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது 1981இல்தான். இடையே 38 ஆண்டுகள்! அமிர்தாஞ்சனத்தை 1893இல் பம்பாயில் தொடங்கிய நாகேஸ்வர ராவ், இசைக் கச்சேரிகளுக்கு வந்தவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்து அறிமுகம் செய்தார். தைலத்தை அப்படிக் கொடுக்கலாம். மின்கருவியைக் கொடுக்க முடியுமா? கொடுத்தாலும் பொறுப்பு நம்மை விடாது. பொருளின் குறையால் தீங்கு நேர்ந்தால் செய்தவரே பதில் சொல்ல வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

ஆகவே விலை போடும்போது தகரம், கம்பி, கூலி மட்டும் கணக்கில் வந்தால் போதாது. வீட்டு மின்சாதனங்களுக்கான ஐ.எஸ். 302 விதிப்படி செய்யும் சோதனைச் செலவு, கடைக்காரர் பங்கு, பழுதாகித் திரும்பி வருபவை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கூடவே ஒரு சீட்டு, நல்ல தமிழில், பெரிய எழுத்தில் வேண்டும். எந்த நீர், எவ்வளவு நீர், முகம் எவ்வளவு தள்ளி என்று அதில் இருக்கட்டும். ஆனால் சீட்டு பெட்டியோடு பரணுக்குப் போய்விடும். பிளக்கைக் கழற்றிய பின்பே மூடியைத் திறக்கவும் என்ற ஒரு வரியை மட்டும் மூடியின் மேலேயே பொறித்துவிட வேண்டும்.