அளவறிந்து சேமித்தல்

உலகில் நாம் குறித்து வைக்க விரும்பும் செய்திகள் யாவும் ஒரே நீளமுடையன அல்ல. குருவிகுளம் ஊராட்சி ஒன்றியத்தில் ஊராட்சிகள் பல உள்ளன. ஒவ்வோர் ஊராட்சியிலும் அடங்கிய சிற்றூர்களோ எண்ணிக்கையில் ஒத்தன அல்ல. ஊராட்சிக்கு ஒரு வரியாகச் சிற்றூர்களின் பெயர்களை எழுதப் புகுந்தால், வரிக்கு எத்தனை கட்டங்கள் வரைவது? குறைவாக வரைந்தால் சில ஊர்களுக்கு இடமிராது. மிகுதியாக வரைந்தால் வெற்றுக் கட்டங்களே மிஞ்சும். இவ்விடர்ப்பாடு கணக்கு எழுதுவோர்க்கு மட்டும் உரியதன்று. வானை ஆராயும் அறிஞர்க்கும் உண்டு.

தமிழகத்தின் கொடைக்கானல் மலையில், ஞாயிற்றை ஆராயும் வானாய்வு நிலையம் 1899ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. ஞாயிற்றின் கரும்புள்ளிகளில் வளிகள் புறநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர் 1909ஆம் ஆண்டில் அங்கேதான் கண்டறிந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலாக எடுக்கப்பெற்ற ஞாயிற்றின் ஒளிப்படங்கள் அந்நிலையத்தின் பெருஞ்செல்வமாகும். அவை இப்போது கணிப்பொறியில் ஏற்றப்பெற்றுள்ளன.

கரும்புள்ளிகள் ஏறத்தாழப் பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவன. பெருகிய காலத்தில் ஒரே நாளில் பற்பல தோன்றும். 2008, 2009, 2019 போன்ற ஆண்டுகளில் ஒரு புள்ளியும் இல்லாத நாள்கள் மிகப் பலவாம். ஒவ்வொரு புள்ளியின் பரப்பையும் நாள்வாரியாகக் குறிக்க வேண்டுமாயின், ஒரு நாளின் வரிசை நீண்டிருக்கும். மற்றொரு நாளின் வரிசை குறுகியிருக்கும்.

எல்லா நாளுக்கும் பத்துக் கட்டங்கள் அமைத்து, மிஞ்சியவற்றைச் சுழியத்தால் நிரப்பினால் என்ன? ஒரு நாளில் மூன்று புள்ளிகளின் பரப்பு 40, 60, 80 எனக் கொள்வோம். அவற்றின் சராசரி 60. நிரப்பிய சுழியங்களையும் கணிப்பொறி சேர்த்துக்கொண்டால் சராசரி 18 ஆகிவிடும். இடத்தை நிரப்ப இட்ட எண் பொய்ச்சான்று கூறிவிடுகின்றதன்றோ!

இதற்கு அறிஞர் கண்ட வழி எளியது. முதல் நாள் 3 புள்ளிகள், இரண்டாம் நாள் ஒன்றுமில்லை, மூன்றாம் நாள் 5 புள்ளிகள் என வைத்துக்கொள்வோம். இவற்றுக்குரிய எட்டு எண்களையும் இடைவெளியின்றி ஒரே நெடுவரிசையாக அடுக்குதல் வேண்டும். இதனைக் குவியல் என்பர். பின்னர், நாளுக்கு இரண்டே எண்கள் கொண்ட அட்டவணை ஒன்றைத் தனியே அமைத்தல் வேண்டும். எத்தனை எண்கள் என்பது ஒன்று. குவியலில் எவ்விடத்தில் தொடங்குகின்றன என்பது மற்றொன்று. முதல் நாளுக்கு 3, 1. மூன்றாம் நாளுக்கு 5, 4. இரண்டாம் நாளுக்கு எண்ணிக்கை 0. ஆதலின் குவியலில் அதற்கு இடமே வேண்டுவதில்லை. அட்டவணையின் வரிகள் ஒரே அளவின. ஆதலின் எந்த நாளையும் நொடியில் எட்டலாம்.

வானியலார் 1981ஆம் ஆண்டு முதல் கையாளும் ‘ஃபிட்ஸ்’ என்னும் கோப்பு முறையில், பின்னர் இவ்வழியும் விதியாக இடம்பெற்றது. வானியலில் மட்டுமன்றி நுண்துகள் ஆய்விலும் இத்தகைய தேவை உண்டு. ஜெனீவா நகரை அடுத்த சேர்ன் ஆய்வுக்கூடத்தில் துகள்கள் மோதும்போது, ஒவ்வொரு மோதலிலும் தோன்றும் துகள்களின் எண்ணிக்கை வேறுபடுகின்றது. அங்கும் நீளம் மாறும் வரிசைகளே பயன்படுகின்றன.

இம்முறையிலும் விழிப்பு வேண்டும். அட்டவணை சிதைந்தால் குவியலிலுள்ள எண்கள் எந்நாளுக்குரியன என்று கூற இயலாது. ஒரு நாளின் வரிசை பின்னர் நீளுமாயின், அதனைக் குவியலின் இறுதியில் எழுதித் தொடக்க இடத்தை மாற்றலாம். ஆனால் பழைய இடம் வீணே கிடக்கும்.

இன்னும் ஒன்று. மேகம் மூடிய நாளில் ஞாயிறு கண்ணுக்குப் புலப்படாது. அன்று எண்ணிக்கை 0 என்று மட்டும் எழுதினால், ‘பார்த்தோம், புள்ளி இல்லை’ என்றே பின்வருவோர் கொள்வர். ஆதலின் அந்நாள் பார்க்கப்பட்டதா, இல்லையா என்பதற்கு அட்டவணையில் தனிக்குறி இடுதல் வேண்டும். இல்லை என்பது வேறு. அறியோம் என்பது வேறு.

மாணவர்களே! நூறாண்டு கழித்து நம் பதிவைப் படிப்போர் நம்மை அழைத்து வினவ இயலாது. கண்டதைக் கண்ட அளவில் எழுதுவதும், காணாததைக் காணவில்லை என்று எழுதுவதும் நாம் அவர்க்குச் செய்யும் கடமையாகும்.