மணி அடிக்கும் முன்னே வந்துவிடுங்கள்

ஜூலை 1-ல் ரோட்டரி ஆண்டு பிறக்கிறது. பதவியேற்பு விழாவில் புதிதாக ரோட்டரி பின் குத்திக்கொண்ட தம்பி தங்கைகளுக்கு, பல தலைவர்களைப் பார்த்துவிட்ட மூத்த உறுப்பினர் என்ற முறையில் சில வார்த்தைகள். சேவைத் திட்டங்களுக்கு ரோட்டரி மாவட்டம் பயிற்சி தருகிறது. வாரக் கூட்டத்தில் எப்படிப் பழகுவது என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

1. ஏழரைக்குக் கூட்டம் என்றால் ஏழு மணிக்கே வாருங்கள். தலைவர் மணி அடித்த பிறகு நடப்பது நிகழ்ச்சி நிரல். அதற்கு முந்திய அரை மணி நேரத்தில்தான் பழக்கம் உண்டாகிறது. கையில் காபியோடு நிற்கிற பல் டாக்டரிடம் சிமென்ட் கடைக்காரர் தன் மகன் படிப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார். அரசுப் பள்ளிக்கு பெஞ்ச் வேண்டும் என்ற பேச்சும் அங்கேதான் கிளம்பும். அது மேடைக்குத் தீர்மானமாக வருவது அப்புறம்.

2. வாராவாரம் மேஜையை மாற்றி உட்காருங்கள். உங்களைச் சேர்த்துவிட்ட நண்பரையே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் முதன்முதலாகக் கூடிய நாலு பேர், வக்கீல் பால் ஹாரிஸ், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீல், சுரங்கப் பொறியாளர் கஸ்டவஸ் லோயர், தையல்கடைக்காரர் ஹைரம் ஷோரி. நாலும் நாலு தொழில். சின்ன ஊரில் வளர்ந்த ஹாரிஸுக்கு அந்தப் பெருநகரத்தில் மனம்விட்டுப் பேச ஆள் இல்லை. அந்த ஏக்கத்தில் கூட்டிய கூட்டம் அது. சேவை பிறகு வந்தது. 1907-ல் ஊருக்குப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று கேட்டு அவர்கள் கிளம்பினார்கள். முதலில் நட்பு, அப்புறம் கழிப்பறை. ஆண்டுத் திட்டம் போடுகிற தலைவர்கள் இந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

3. அபராதத்தைச் சிரித்துக்கொண்டே கட்டுங்கள். அதை வசூலிக்க சார்ஜென்ட் என்று ஒருவர் இருப்பார். பின் குத்தாமல் வந்தால் 10 ரூபாய், செல்போன் அடித்தால் 20, பேப்பரில் போட்டோ வந்தால் 50. வாதாடினால் இரட்டிப்பு, வக்கீலே வாதாடினால் மும்மடங்கு. எங்கள் சார்ஜென்ட் பழைய பிஸ்கட் டின்னின் மூடியில் துளை வெட்டிக் கொண்டுவருவார். காசு விழுகிற சத்தம் எல்லா மேஜைக்கும் கேட்க வேண்டுமாம். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் புது கார் வாங்கியதற்கு 100 ரூபாய் அபராதம் விதித்தார். "லோன்ல வாங்கினது சார்" என்று அவர் கெஞ்ச, "அப்ப அபராதமும் தவணையிலேயே கட்டுங்க" என்று வாரம் 10 ரூபாயாக வசூல் நடந்தது. கடைசித் தவணை அன்று அவர் எழுந்து, கடன் தீர்ந்ததற்குச் சான்றிதழ் வேண்டும் என்றார். சார்ஜென்ட் பேப்பர் நாப்கினில் எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுத்தார். அந்த நாப்கின் இன்றும் அவர் கடைக் கல்லாவுக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்குகிறது. டின்னில் சேர்ந்த பணம், ரோட்டரியின் பள்ளி மாணவர் சங்கமான இன்டராக்ட் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்குப் போனது.

4. அந்த டின் உங்கள் கைக்கு வந்தால் ஆளைப் பார்த்து அபராதம் போடுங்கள். வியாபாரம் படுத்திருப்பவர், வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர் பக்கம் அதைக் குலுக்கிக்கொண்டு போகக் கூடாது. யார் வீட்டில் என்ன நிலைமை என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பதுதான் சார்ஜென்டின் முதல் வேலை.

5. நல்ல சேதி இருந்தால் எழுந்து சொல்லி, சந்தோஷக் காசு போடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 50 ரூபாயை நீட்டி, "எங்க வீட்டுக்காரர் இன்னிக்கு யாரையும் பிடிக்காம வாசல் வரைக்கும் நடந்தார்" என்றார். பக்கவாதத்தில் படுத்திருந்த மனிதர். அடுத்து எழுந்தவர் ஒரு ஜோக்கோடு வந்திருந்தார். அதைச் சொல்லாமல் காசை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அவரை எனக்கு அன்றிலிருந்து ரொம்பப் பிடிக்கும்.

6. சாதி, நிறம், உடம்பு, மனைவி இந்த நாலையும் வைத்து ஜோக் வேண்டாம். 1989-ல் விதியைத் திருத்திய பிறகுதான் உலகம் முழுக்கப் பெண்கள் ரோட்டரி உறுப்பினராக முடிந்தது. அதற்கு முந்திய காலத்து மனைவி ஜோக்குகள் சில மேடைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் தலைமுறையோடு அவை நிற்கட்டும்.

7. பிறந்தநாள், கல்யாண நாள் பாட்டை வாய்விட்டுப் பாடுங்கள். ரோட்டரியின் ஆரம்ப நாட்களில் ஹாரி ரகிள்ஸ் என்ற அச்சகக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்று எல்லோரையும் பாடவைத்தார். சுருதி சேராவிட்டால் பரவாயில்லை.

8. பேச்சாளர் பேசும்போது சாப்பாட்டு வாசனை வந்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள். நன்றியுரை இரண்டு நிமிடம் போதும்.

9. நால்வழிச் சோதனையை ஒப்பித்துவிட்டு உட்காராதீர்கள். திவாலாகும் நிலையில் இருந்த ஓர் அலுமினியப் பாத்திரக் கம்பெனியை நிமிர்த்துவதற்காக, 1932-ல் ஹெர்பர்ட் டெய்லர் எழுதிய கேள்விகள் அவை. வியாபாரத்துக்காகப் பிறந்தவை, நாளைக்குக் கடையில் பில் போடும்போது கேட்டுப் பாருங்கள்.

10. வாரக் கூட்டத்தை விடாதீர்கள். 2016-ல் விதி தளர்ந்து மாதம் இரண்டு கூட்டம் போதும் என்றாகிவிட்டது. என் கட்சி வாராவாரம்தான். அதற்குச் சாட்சி போலியோ வேலை. போலியோவை ஒழிக்க ரோட்டரி 1985-ல் இறங்கியது. இந்தியாவில் கடைசி நோயாளி 2011 ஜனவரி 13 அன்று, மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27-ல் இங்கே போலியோ இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அரசு ஊழியர்களும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் சேர்ந்து செய்த வேலை அது. சொட்டு மருந்து ஞாயிறுகளில் நம் ஆட்களும் பூத்தில் உட்கார்ந்து, குழந்தைகளின் சுண்டுவிரலில் மை வைத்தார்கள். யார் எந்தத் தெருவுக்கு என்று முந்தின வாரக் கூட்டத்தில்தான் கேலியும் கிண்டலுமாகப் பிரித்துக்கொள்வோம். "நீ வரலைன்னா உன் பேர்ல அபராதம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகு வராமல் இருக்க முடியுமா? சுற்றறிக்கை அனுப்பி அப்படி ஆள் சேர்க்க முடியாது.

11. தொடர்ந்து மூன்று வாரம் ஒருவரைக் காணவில்லை என்றால் அன்றைக்கே போன் போடுங்கள். ஏன் வரவில்லை என்று குடைய வேண்டாம். அன்று மேஜையில் நடந்த கூத்தைச் சொல்லுங்கள். அவர் சிரித்தால் அடுத்த வாரம் வீட்டுக்கே வண்டி எடுத்துப் போய்க் கூட்டிவாருங்கள். சிரிக்கவில்லை என்றால் அன்றிரவே போய்ப் பாருங்கள்.