ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காருக்குப் பிக்கப் வேணுமா? பயனுள்ள குறிப்புகள்

எங்கள் வீட்டு ஆல்டோ 2008-ல் வாங்கியது. மீட்டர் ரெண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இன்னமும் தினம் நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போய்வருகிறது. பொங்கலுக்கு வந்திருந்த தங்கச்சி மகன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, வண்டியில பிக்கப்பே இல்லை. நைட்ரஸ் சிலிண்டர் ஒண்ணு மாட்டிடலாமா?" என்று கேட்டான். வயசுப் பிள்ளையின் ஆசையை ஒரேயடியாகத் தட்ட மனசு வரவில்லை. அடுத்த ரெண்டு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பானட்டைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அதில் கைகண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1. நைட்ரஸ் என்பது பல் டாக்டரிடம் இருக்கும் அதே சிரிப்பு வாயு, நைட்ரஸ் ஆக்சைடு. அது எரிபொருளே கிடையாது. எடைக் கணக்கில் காற்றில் 100-க்கு 23 பங்கு ஆக்சிஜன் என்றால் இதில் 36 பங்கு. எஞ்சின் சூட்டில் சுமார் 300 டிகிரியைத் தாண்டியதும் வாயு உடைந்து அந்த ஆக்சிஜன் வெளியே வரும், கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் காற்று மெலிந்த உயரத்துக்குப் போனபோது இதைத்தான் எஞ்சினுக்குள் விட்டார்கள். நம் ஊரோ கடல் மட்டத்தை ஒட்டிய ஊர், காற்றுக்குப் பஞ்சமில்லை. இருக்கிற காற்று தடையில்லாமல் உள்ளே போனாலே பழைய வண்டிக்குப் பாதி உயிர் திரும்பிவிடும்.

2. சிலிண்டர் வாங்குகிற யோசனை வந்தால் முதலில் கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் மீட்டர் வைத்துப் பார்க்கும் பத்து நிமிஷ வேலைதான். மூணு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். தேய்ந்த ரிங்கோடு நைட்ரஸ் விட்டால் பிஸ்டனே உருகிப்போகும், எஞ்சினை இறக்குகிற செலவு தலையில் விழும்.

3. சட்டத்தையும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, ரெண்டுமோ கூட வரலாம். விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ்காரரும் இதையே காரணம் காட்டிக் கையை விரிக்கலாம்.

4. சம்பா அறுப்பு நடக்கிற தை, மாசியில் ஏர் ஃபில்டரை மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். நாங்கள் திறந்தபோது மடிப்புக்கு மடிப்பு நெல் சுணையும் பதரும் அடைத்துக்கொண்டு, கறுப்பாக இருக்க வேண்டிய பெட்டியின் அடிப்பாகம் வைக்கோல் நிறத்தில் இருந்தது. தரையில் மெதுவாகத் தட்டி, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக லேசாகக் காற்றடித்தால் போதும். பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரில் அலசிவிடாதீர்கள், அது அப்புறம் உதவாது. எங்கள் வண்டியில் பெரிய மாற்றம் தெரிந்தது இந்த ஒரு வேலையில்தான். தங்கச்சி மகன் அன்றைக்கே நைட்ரஸ் பேச்சைப் பாதியாகக் குறைத்துவிட்டான்.

5. ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸை மடக்கிப் பாருங்கள். மடிப்புக்குள் மயிரிழை வெடிப்பு இருந்தால் அது வழியாகத் தூசு நேரே உள்ளே போகும். த்ராட்டில் வாயில் படிந்த கரியை கார்ப் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷால் தேய்த்துத் துடைத்தால் ஐடிலிங் நடுக்கமும் நிற்கும்.

6. பிளக்கைக் கழற்றினால் அதன் நுனி நிறமே வண்டியின் ஜாதகம். காய்ந்த மண் நிறம் என்றால் எல்லாம் நலம், கறுப்புப் பொடி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் உள்ளே கசிகிறது. மாற்றும்போது மூணையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிப்பது மிச்சமே இல்லை.

7. ஓவர்டேக் செய்யும்போது கொஞ்ச நேரம் ஏசியை அணைத்துவிடுங்கள். 796 சிசி எஞ்சினில் கம்ப்ரஸர் தின்கிற இழுவை சாதாரணமில்லை. கூடவே ஒரு கியர் இறக்கிக்கொண்டால், அம்மாபேட்டை தாண்டி நெல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தவிக்க வேண்டாம். செலவு ஒரு பைசா இல்லை.

8. டிக்கியைக் காலி செய்யுங்கள். கல்யாணத்துக்கு எடுத்துப்போன ஜமக்காளம், மில்லில் இருந்து வந்த 25 கிலோ அரிசி மூட்டை, பழைய பேட்டரி என்று எங்கள் டிக்கியில் ஒரு ஆள் எடை உட்கார்ந்திருந்தது.

9. தஞ்சாவூரிலிருந்து வந்து நிறுத்தியதும் நாலு சக்கரத்துக்கும் நடுவில் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. எங்களுக்குப் பின்பக்க இடது சக்கரம் அப்படித்தான் இருந்தது; கழற்றிச் சுத்தம் செய்ததும் வண்டி கையால் தள்ளினாலே நகர்கிறது.

10. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லையா? பிக்கப் குறைச்சல் என்று எஞ்சினைத் திட்டாதீர்கள், கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சினுக்கு எதைச் சேர்த்தாலும் அது சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

11. டயர் காற்றைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் வண்டி எடுத்ததும் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடத்தான் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

12. எங்கள் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருப்பது சகஜம். ஸ்டேஷனில் நெல் ஏற்றும் சரக்கு ரயிலுக்கு எஞ்சின் முன்னும் பின்னும் போய்வந்தால், மூடிய கேட் திறக்க எவ்வளவு நேரமானாலும் ஆகலாம். அரை நிமிஷத்துக்கு மேல் என்று தெரிந்ததும் எஞ்சினை அணைத்துவிடுங்கள். சும்மா ஓடினாலும் மணிக்குச் சுமார் அரை லிட்டர் பெட்ரோல் போகும். ஓட்டமில்லாமல் நிற்கிற பழைய எஞ்சின் சூடேறுவதும் குறையும்.

13. ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். அந்த உப்பு, குளியலறைப் பக்கெட்டில் படிகிற மாதிரி உள்ளே வெள்ளையாகப் படிந்து குழாயை அடைக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள். ரேடியேட்டர் வலையில் ஒட்டிய பதரை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தண்ணீர் அடித்து இறக்குங்கள், மெல்ல அடித்தால் போதும், வேகமாக அடித்தால் வலை மடங்கிவிடும்.

14. காலையில் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. வண்டியை ஸ்டார்ட் கூடச் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

15. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ்கள் அதற்காகச் செய்தவை இல்லை. ஸ்டார்ட் செய்யும் முன் பானட் பக்கம் ஒருமுறை மூக்கை வையுங்கள்; பெட்ரோல் வாடை வந்தாலோ ஹோஸ் கை பட்டதும் பிசுபிசுத்தாலோ அன்றைக்கே மாற்றுங்கள். தீப்பிடிக்கிற விஷயம், நாளைக்கு என்று வைக்க வேண்டாம்.

16. ரோட்டில் பரப்பிய வைக்கோல் மேல் ஓட்டிவிட்டீர்களா? கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தி, குனிந்து அடியில் பாருங்கள். சுருண்டு சைலன்சரில் மாட்டியிருந்தால் குச்சியால் இழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். காய்ந்த வைக்கோல், கொதிக்கிற இரும்பு, ரெண்டுக்கும் ஆகாது.

17. அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும், அவற்றுக்குப் பிடித்த இடம் சூடான எஞ்சின். வண்டியை வைக்கோல் போர் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். ராத்திரி பானட்டைத் திறந்து வைத்தால் எலி அவ்வளவாகத் தங்காது. அந்துருண்டையைத் துணியில் முடிந்து ஒயர் பக்கம் கட்டுங்கள். காலையில் பானட்டைத் தட்டிவிட்டே சாவியைத் திருப்புங்கள்.

18. ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோடு தெரியாமல் தண்ணீர் நின்றால் உள்ளே இறங்காதீர்கள். இறங்கி வண்டி அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு போய் மேட்டில் விட்டு, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

19. பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தால் ஒயரைக் கழற்றிவிட்டு, சமையல் சோடா கரைத்த வெந்நீரைச் சிறிது சிறிதாக விட்டுத் தேயுங்கள். துடைத்து உலர்ந்ததும் மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள், சீக்கிரம் மறுபடி பூக்காது.

20. வேகம்தான் வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு அதற்கென்றே இடம் இருக்கிறது: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பந்தயத் தளங்கள். ஹெல்மெட், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாம் பக்கத்தில் இருக்கும். குறுக்கே மாடும் வராது, களத்து நெல்லும் கிடக்காது. எங்கள் பையனிடம் அடுத்த லீவுக்கு அங்கே கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், போவது இதே ஆல்டோவில்தான்.