படிக்கும்போதே உதவித்தொகை: சாண்ட்விச் படிப்பு பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

சில பருவங்கள் வகுப்பறையிலும், இடையிடையே சில பருவங்கள் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ உதவித்தொகை பெற்றுக்கொண்டும் பயின்று, இரண்டுக்குமான மதிப்பெண்களைச் சேர்த்தே பட்டமோ பட்டயமோ பெறும் முறையைக் கனடாவிலும் அமெரிக்காவிலும் கூட்டுறவுக் கல்வி என்கிறார்கள். தமிழ்நாட்டின் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அது சாண்ட்விச் படிப்பு என்ற பெயரில் பல பத்தாண்டுகளாகவே அறிமுகமானது. ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடையிலுள்ள சேக்காடு போன்ற ஊரில் இந்த முறையைப் பற்றித் தெளிவாக அறிந்திருக்கவேண்டிய தேவை மற்ற இடங்களைவிட அதிகம். 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை உருவாக்கிய கனரக வாகனத் தொழிற்சாலை ஒருபுறமும், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் நூற்றுக்கணக்கான சிறு, நடுத்தரப் பட்டறைகள் சற்றுத் தொலைவிலும், 2024 நவம்பரில் திறக்கப்பட்ட பட்டாபிராம் டைடல் பூங்காவின் 21 மாடிகள் மறுபுறமும் இருக்க, வேலையும் படிப்பும் கூப்பிடு தூரத்தில் அமைந்த இப்பகுதியின் வீடுகளில் இம்முறையைப் பற்றித் தவறான கருத்துகள் பல நிலைத்துவிட்டன.

அவற்றுள் முதலாவது, சாண்ட்விச் படிப்பில் சேர்ந்தால் காலம் வீணாகும் என்பது. வழக்கமான பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகளில் முடிய, சாண்ட்விச் பட்டயம் மூன்றரை ஆண்டுகள் நீள்வதால் அரையாண்டு இழப்பு என்று பெற்றோர் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் விடுபடுவது, ஏழு பருவங்கள் கொண்ட அந்தப் படிப்பில் நான்காம் பருவமும் ஏழாம் பருவமும் முழுக்கத் தொழிற்சாலைப் பயிற்சிக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்பது. வழக்கமான பட்டயம் பெற்றவர்களில் பலர் அதன்பின் ஓராண்டு அப்ரண்டிஸாகச் சேர்ந்து அதே அளவு அனுபவத்தைப் பெறுகிறார்கள்; அவர்களுக்கு மொத்தம் நான்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே பயிற்சியையும் சேர்த்து எண்ணுவோருக்கு, நீளமான பாதையாகத் தெரிவதே குறுகிய பாதையாக அமைகிறது.

மதிப்பெண் குறைந்தவர்களுக்கும் வசதியற்றவர்களுக்கும்தான் இந்த முறை என்ற எண்ணம் அதைவிட ஆழமாக வேரூன்றியது. கையால் செய்யும் வேலையைத் தாழ்வாகக் கருதும் பழைய மனப்பான்மையே இதற்கு அடிப்படை என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. வரலாறு இதற்கு நேர்மாறானது. 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர் ஹெர்மன் ஷ்னைடர் 27 மாணவர்களைக் கொண்டு இதைத் தொடங்கியபோது, வகுப்பில் கற்பிக்க முடியாத பகுதி ஒன்று பொறியியலில் உண்டு, அதைப் பணியிடம் மட்டுமே கற்பிக்கும் என்பதே அவருடைய வாதமாக இருந்தது. மாணவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவர் வகுப்பில் இருக்கும் வாரம் மற்றவர் தொழிற்சாலையில் இருக்குமாறு அவர் முறை வகுத்ததால், நிறுவனத்தில் அந்த இடம் ஒரு நாளும் காலியாகவில்லை. 1957-இல் தொடங்கிய கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் இதையே பொறியியல் கல்விக்கு அடித்தளமாக்கிக்கொண்டது. தமிழ்நாட்டிலும் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, மோட்டார்களும் பம்புகளும் செய்யும் தொழிற்கூடத்தை ஒரே வளாகத்தில் வைத்துக்கொண்டு, பொறியியல் பட்டத்தையே சாண்ட்விச் முறையில் வழங்கியிருக்கிறது.

பணியிடம் மட்டுமே கற்பிக்கக்கூடியது எது என்பதை அம்பத்தூர்ப் பட்டறைகளில் நாள்தோறும் நடக்கும் ஒரு வேலையைக் கொண்டே காட்டலாம். ஷிப்ட் தொடங்கியதும் சி.என்.சி. லேத்தில் ஓடும் முதல் உருப்படியை எடுத்து, அதன் துளையைப் போர் கேஜாலும் வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டராலும் அளந்து, வரைபடம் அனுமதிக்கும் எல்லைக்குள் இருந்தால் மட்டுமே மேற்கொண்டு இயந்திரத்தை ஓட விடுவார்கள். இதற்கு முதல் உருப்படிச் சோதனை என்று பெயர். உருப்படிகள் ஓட ஓட வெட்டும் இன்செர்ட்டின் முனை தேய்கிறது. தேய்ந்த முனை முன்பிருந்த அளவுக்கு உலோகத்தைச் சீவாததால், வெளிவிட்டம் மைக்ரான் மைக்ரானாகப் பெருத்துக்கொண்டும் துளை சிறுத்துக்கொண்டும் வருகிறது. எத்தனையாவது உருப்படியில் கருவியின் நிலையைக் குறிக்கும் ஆஃப்செட்டைத் திருத்துவது, எப்போது இன்செர்ட்டையே மாற்றுவது என்பதை ஆபரேட்டர் அளவுப் பதிவேட்டைப் பார்த்தும் சீவல் வரும் ஓசையைக் கேட்டும் முடிவுசெய்கிறார். வெட்டும் வேகத்துக்கும் கருவியின் ஆயுளுக்குமுள்ள உறவைச் சொல்லும் டெய்லர் சமன்பாட்டைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த மாணவர், அந்த உறவு ஒரு பதிவேட்டின் பத்தியில் எண்ணெண்ணாக நகர்வதை ஆறு மாதம் பார்த்துவிட்டு வகுப்புக்குத் திரும்பும்போது, அதே பாடத்தை வேறு மனத்தோடு படிக்கிறார். படிப்பை முழுக்க முடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போவதைவிடப் படிப்பின் நடுவே போய்வருவதில் உள்ள மேன்மை, இப்படித் திரும்பி வருவதற்கு ஒரு வகுப்பறை காத்திருக்கிறது என்பதுதான்.

உதவித்தொகையைப் பற்றி இரு எதிரெதிரான நம்பிக்கைகள் உலவுகின்றன: அது நிறுவனம் மனமிரங்கித் தரும் கைச்செலவுப் பணம் என்பது ஒன்று, அது சம்பளமே என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம், பட்டமோ பட்டயமோ பெற்றவரை மட்டுமன்றி அதைப் பெறுவதற்காகப் பயின்றுகொண்டிருப்பவரையும் தொழிற்பழகுநராக ஏற்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள், சாண்ட்விச் பட்டய மாணவருக்கு மாதம் 7,000 ரூபாயும் சாண்ட்விச் பட்ட மாணவருக்கு 8,000 ரூபாயும் குறைந்தபட்சம் தரவேண்டும் என்று வரையறுத்தன. தொழிற்பழகுநர்களுக்கான தொகைகளை 36 விழுக்காடு உயர்த்துமாறு 2025 மே மாதம் மத்தியத் தொழிற்பழகுநர் குழு பரிந்துரைத்தது. சட்டம் விதித்த தொகையாதலால் அது யாருடைய தயவும் அன்று. அதேவேளையில், தொழிற்பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளர் அல்லர் என்று அச்சட்டத்தின் 18-ஆம் பிரிவு கூறுவதால், வருங்கால வைப்புநிதியும் இ.எஸ்.ஐ.யும் அவருக்குப் பொருந்துவதில்லை. ஆயினும் பாதுகாப்பே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது: தொழிற்சாலையில் பணியாற்றும் மற்றவர்களுக்குரிய உடல்நல, பாதுகாப்பு ஏற்பாடுகள் அவருக்கும் உண்டு, பயிற்சியின்போது காயமுற்றால் நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டிருக்கிறது. விரலை நசுக்கக்கூடிய பிரஸ் இயந்திரங்களுக்கு நடுவே நிற்கப்போகும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு செய்தியையாவது பயிற்சிக்கு அனுப்புமுன் கல்லூரிகள் சொல்லியனுப்புவது கட்டாயம்.

பயிற்சி முடித்தால் அங்கேயே வேலை உறுதி என்ற நம்பிக்கை, அரசுத் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஆவடி வட்டாரத்தில் தனி வலிமை பெற்றது. பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பதற்கான கொள்கையை நிறுவனமே வகுத்துக்கொள்ளவேண்டும் என்கிறது தொழிற்பழகுநர் சட்டத்தின் 22-ஆம் பிரிவு; ஒப்பந்தத்தில் அதற்கான நிபந்தனை இருந்தால்தான் வேலை கொடுக்கும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. உத்தரப் பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் 1995-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மற்றத் தகுதிகள் சமமாக இருக்குமானால் நேரடியாக விண்ணப்பிப்பவரைவிடப் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று கூறியது. முன்னுரிமை வேறு, உரிமை வேறு. பயிற்சி இடம் கிடைத்ததையே அரசு வேலை கிடைத்ததாகக் கருதி மற்றத் தேர்வுகளுக்குத் தயாராகாமல் இருப்பவர்கள் இந்த வேறுபாட்டை மிகத் தாமதமாகவே அறிந்துகொள்கிறார்கள்.

இதெல்லாம் பொறியியல் பிள்ளைகளுக்குத்தான், வணிகவியலும் கணினிப் பயன்பாடும் படிப்பவர்களுக்கு இல்லை என்பதும் காலாவதியான கருத்து. 2014-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் பொறியியல் அல்லாத பட்டப்படிப்புகளுக்கும் வாசலைத் திறந்தது. பயிற்சியை உள்ளடக்கிய பட்டப்படிப்புகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2020-இலும் பின்னர் 2025-இலும் வழிகாட்டுதல்களை வெளியிட்டு, மூன்றாண்டுப் பட்டத்தில் ஒன்று முதல் மூன்று பருவங்கள் வரை பணியிடத்தில் கழிக்கலாம் என்றது. சேக்காட்டை ஒட்டியுள்ள பட்டாபிராம் இந்துக் கல்லூரி போன்ற கலை, அறிவியல் கல்லூரிகளின் மாணவர்கள் இனி இதை அயலாருடைய ஏற்பாடாகக் கருதவேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் அதிகத் தீங்கு செய்வது, எந்த இன்டர்ன்ஷிப்பும் இதற்குச் சமம் என்ற நம்பிக்கை. விடுமுறையில் இரண்டு வாரம் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டிவிட்டுச் சான்றிதழ் கொடுப்பதும், அதற்காக மாணவரிடமே பணம் வாங்குவதும் இன்று பரவலாக நடக்கின்றன. கற்றுக்கொள்ளும் மாணவருக்குத் தொகை தரவேண்டிய இடத்தில் அவரிடமே தொகை பெறுவது, இந்தக் கல்வி முறையையே தலைகீழாக்குவதாகும். உண்மையான பயிற்சியை அடையாளம் காணப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை: பணியிடத்தில் கழியும் காலத்துக்குப் பாடத்திட்டத்தில் மதிப்பெண் இருக்கும், கற்றதைக் குறிப்பேட்டில் பதிந்து மேற்பார்வையாளரிடம் கையொப்பம் பெறும் வழக்கம் இருக்கும், தொகை வங்கிக் கணக்கில் வரும், மாணவரும் நிறுவனமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கும். அந்த ஒப்பந்தத்தை ஏழு நாட்களுக்குள் அரசின் இணையவாயிலில் பதிவேற்றவேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு என்று சட்டம் கூறுகிறது. பதிவாகவில்லை என்று தெரிந்தால் கல்லூரியின் பயிற்சி, வேலைவாய்ப்பு அலுவலரிடமோ தரமணியிலுள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்திடமோ தொடக்கத்திலேயே கேட்டுவிடவேண்டும். விபத்தோ தொகைத் தகராறோ நேர்ந்தபின் கேட்கப் போனால், அங்கே பயிற்சி பெற்றதற்கே மாணவரிடம் சான்று இருக்காது.