பத்து மீட்டர் ஊழியம்

மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில் எங்கள் பெட்டிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஜன்னலோரம் சீட்டுக்கட்டு, கதவோரம் அரசியல், நடுவில் பாட்டுப் புத்தகத்தோடு நாங்கள். 2001 பிப்ரவரியில் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, மாரிக்குப்பம் உள்ள கோலார் தங்கவயலில் குடியிருந்துகொண்டே பெங்களூரில் பிழைப்பு நடத்தும் ஆயிரக்கணக்கான தமிழர்களில் நானும் ஒருவன். கண்டோன்மென்ட்டில் இறங்கி, சிவாஜிநகரில் இருக்கும் என் சின்ன அச்சகத்துக்கு நடந்துவிடுவேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், காலண்டர், கைப்பிரதி இவைதான் தொழில். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டு. சனிக்கிழமை சாயங்காலம் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கும் தெரு ஊழியம்.

கைப்பிரதி அடிக்கிறவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு வருத்தம் இருக்கிறது. ரஸ்ஸல் மார்க்கெட் வாசலில் ஒருவர் கையில் கொடுத்த தாள், பத்தடி தள்ளிக் கீரைக்கட்டுக்குப் பக்கத்தில் ஈரத்தில் கிடக்கும். பிழை திருத்தியது நான், அடித்தது நான், கடைசியில் அதைத் தாண்டிப் போகிறவனும் நான். ஆகவே 2007 வாக்கில் ப்ளூடூத் உள்ள நோக்கியா ஒன்று கைக்கு வந்தபோது, தாளும் மையும் இல்லாத கைப்பிரதி கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். கடைக்கும் ஊழியத்துக்குமாக நாலைந்து வருஷம் அதைப் பயன்படுத்தினேன். அடியும் வாங்கினேன், பலனும் கண்டேன். அந்தப் பழக்கம் இன்று மறைந்துவிட்டது. அது சொல்லிக்கொடுத்தது மறையவில்லை.

காசில்லாத கருவி

ப்ளூடூத் என்பது பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஒருவனின் பட்டப்பெயர். 1990களில் ஸ்வீடனின் எரிக்ஸன் நிறுவனத்தில் பிறந்த இந்தத் தொழில்நுட்பத்துக்கு 1998இல் எரிக்ஸன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஐந்தும் சேர்ந்து ஓர் அமைப்பு வைத்தன. உரிமம் தேவைப்படாத 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது ஓடுகிறது. சிம்மும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். ஆனால் போனில் இருக்கும் வகை ஏறக்குறையப் பத்து மீட்டருக்குத்தான் எட்டும். ஒரு கருவி ஒரே நேரத்தில் ஏழு கருவிகளோடுதான் உறவாடும்.

அன்றைக்கு இந்த 'காசில்லை' என்பது பெரிய விஷயம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு போன்ற நாட்களில் எஸ்.எம்.எஸ். சலுகை செல்லாது. 2011 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், ஒரு சிம்முக்கு நாளொன்றுக்கு 100 எஸ்.எம்.எஸ். என்று வரம்பு கட்டியது. பிறகு அதை 200 ஆக்கியது. எங்கள் சபையில் ஜெபக்குறிப்பு அனுப்பும் அக்கா தவித்துப்போனார். ப்ளூடூத்துக்கு எந்த வரம்பும் இல்லை.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு யுஎஸ்பி ப்ளூடூத் டாங்கிள் வாங்கினேன். லேப்டாப்பில் செருகினால், சுற்றிலும் ப்ளூடூத் திறந்திருக்கும் போன்களையெல்லாம் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் படத்தைத் தள்ளிவிடும் மென்பொருள் ஒன்று இருந்தது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. இதே பெங்களூரில் டெலிபிரம்மா என்ற நிறுவனம் 'புளூஃபை' என்ற பெயரில் வணிக வளாகங்களிலும் காபி கடைகளிலும் கருவி பொருத்தி, வருகிறவர்களின் போனுக்கு விளம்பரம் அனுப்பிக்கொண்டிருந்தது. பெரிய கம்பெனிக்குப் பலிப்பது நமக்கும் பலிக்காதா என்று நினைத்தேன்.

திருவிழாவில் வாங்கிய அடி

2008 செப்டம்பர் 8. சிவாஜிநகர் மரியன்னை பேராலயத் திருவிழா. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்தே காவிச் சேலையும் காவி வேட்டியுமாகக் கூட்டம் தெருவை நிறைத்திருந்தது. எல்லா மதத்தாரும் வரும் விழா அது. லேப்டாப்பைத் தோள்பையில் வைத்துக்கொண்டு, ஒரு வசனப் படத்தை ஓட விட்டேன். என் கருவிக்கு நான் வைத்திருந்த பெயர் 'இயேசு உங்களை நேசிக்கிறார்', ஆங்கில எழுத்தில்.

கருவி நூற்றுக்கணக்கான போன்களைத் தேடிப் பிடித்தது. ஏற்றுக்கொண்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆறு வாரத்துக்கு முன்புதான், ஜூலை 25 அன்று, நகரில் தொடர் குண்டுவெடிப்பு நடந்திருந்தது. யாரென்று தெரியாத ஒருவர் கூட்டத்துக்குள்ளிருந்து போன்களைத் தட்டுகிறார் என்றால் மக்கள் என்ன நினைப்பார்கள்? நான் அதை யோசிக்கவே இல்லை. சற்று நேரத்தில் ஒரு கான்ஸ்டபிள் என் பையைப் பிடித்தார். "யாரப்பா நீனு? ஏனு களிஸ்தா இத்தீயா?" நீ யார், என்ன அனுப்புகிறாய் என்று இரண்டே கேள்வி. திறந்து காட்டியதும் விட்டுவிட்டார். நல்ல மனுஷன்.

அதைவிட உறைத்தது, பக்கத்தில் நின்ற காவிச் சேலைப் பாட்டி சொன்னது. "ஏம்ப்பா, நாங்க யேசுவைத் தெரியாமலா மாதா கோயிலுக்கு வந்திருக்கோம்?"

அன்று இரவு ரயிலில் யாரோடும் பேசவில்லை. கைப்பிரதி கொடுக்கும்போதாவது என் முகம் அவர்களுக்குத் தெரிந்தது. வேண்டாமென்று கையசைக்க முடிந்தது. இதில் நான் பைக்குள் ஒளிந்திருந்தேன்.

பெட்டிக்குள் கிடைத்த விடை

பலன் கிடைத்த இடம் அதே ரயில்தான். பங்காருப்பேட்டை தாண்டினால் சிக்னல் வரும், போகும். பெட்டியில் தினமும் அதே முகங்கள். முந்தின ஞாயிறு பிரசங்கத்தின் ஒலிப்பதிவு வேண்டும் என்று ஒருவர் கேட்பார். அவருக்கு அனுப்பினால் அடுத்தவர் கேட்பார். வைட்ஃபீல்டு வருவதற்குள் ஆறேழு பேரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். அவர்கள் வீட்டுக்குப் போய் மனைவி போனுக்கும் அனுப்புவார்கள். சீட்டாடும் கூட்டத்திலிருந்துகூட ஒருவர், "அந்தப் பழைய பாட்டு மட்டும் நமக்கும் தள்ளுங்கண்ணே" என்றார். நான் அவரைத் தேடிப் போகவில்லை.

பத்து மீட்டர் என்பது கருவியின் குறை என்று நினைத்திருந்தேன். பத்து மீட்டர் என்பது முகம் தெரியும் தூரம், கூப்பிட்டால் கேட்கும் தூரம். அந்தத் தூரத்துக்குரிய மரியாதையோடு நடந்தால் கருவி வேலை செய்தது. கூட்டத்தைக் குருட்டுத்தனமாக அள்ளப் பார்த்தால் கவிழ்த்தது. என் மற்ற பாடங்களெல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

நடைமுறைப் பாடங்கள்

முதலில் சொல், பிறகு அனுப்பு. சபையில் வாசலருகே ஒரு பலகை வைத்தோம்: 'இன்றைய வாக்குத்தத்தம் வேண்டுவோர் ப்ளூடூத்தைத் திறந்து வையுங்கள்.' அதற்குப் பிறகு வந்த கோரிக்கையை யாரும் சந்தேகிக்கவில்லை. நேரமும் முக்கியம். ஒருமுறை ஆராதனை நடுவில் ஓட விட்டுவிட்டேன். போதகர் ஐயா கண்ணை மூடி ஜெபிக்கும்போது சபை முழுக்க டொக் டொக்கென்று சத்தம். ஆசீர்வாதம் முடிந்து செருப்பைத் தேடும் ஐந்து நிமிஷம்தான் சரியான நேரம்.

கருவிக்கு ஆள் பெயர் வை. எதிராளி போனில் முதலில் தெரிவது செய்தி இல்லை, அனுப்புகிறவரின் பெயர். வசனத்தையோ 'ஆஃபர்' என்ற சொல்லையோ வைத்தால் விளம்பரம் என்று ஒதுக்குவார்கள். என் பெயரையும் கடையிருக்கும் தெருவையும் வைத்த நாளிலிருந்து, கேட்காமல் ஒதுக்குவது குறைந்தது.

எழுத்தாக அனுப்பாதே, படமாக அனுப்பு. அன்றைய பல போன்களில் தமிழ் யூனிகோடு கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் 240க்கு 320 அளவில் ஒரு ஜேபெக் படம், முப்பது நாற்பது கேபிக்குள். அச்சுக்காரன் புத்தியில் முதலில் ஐந்து வசனத்தை நெருக்கி வைத்தேன். யாராலும் படிக்க முடியவில்லை. ஒரு வரி, பெரிய எழுத்து, கீழே யாரைக் கேட்கலாம் என்று ஒரு பெயர். சுவரொட்டிக்குள்ள அளவுகோல்தான்.

நிறுவச் சொல்லும் கோப்பைத் தொடாதே. 2004இல் கபீர், 2005இல் காம்வாரியர் என்று ப்ளூடூத் வழியாகத் தொற்றும் வைரஸ்கள் வந்தன. நல்ல நோக்கத்தோடு செய்த வேதாகமச் செயலியாக இருந்தாலும் தெரியாதவருக்குத் தள்ளக் கூடாது. படம், ஒலிப்பதிவு இரண்டோடு நிறுத்திக்கொண்டோம்.

அடுத்தவர் பாட்டை இலவசமாக்காதே. இந்தப் பாவத்தை நாங்கள் எல்லோரும் செய்தோம். கிறிஸ்தவப் பாடகர்கள் பலருக்கு சிடி விற்பனைதான் சோறு. விஷயம் உறைத்த பிறகு, எங்கள் சபையில் நாங்களே பாடிய பதிவுகளையும் போதகர் அனுமதித்த பிரசங்கங்களையும் மட்டும் பகிர்ந்தோம்.

ஒரு 'வேண்டாம்' போதும். ஒவ்வொரு போனுக்கும் மாறாத முகவரி ஒன்று இருந்ததால், மறுத்தவரை மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த வசதியை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். கதவைத் தட்டும் இயேசு படக் காலண்டரை வருஷா வருஷம் அடிக்கிறோம். ஹோல்மன் ஹன்ட் என்ற ஆங்கில ஓவியர் 1850களில் வரைந்த 'உலகத்தின் ஒளி' ஓவியத்தில், கதவுக்கு வெளிப்புறம் கைப்பிடி கிடையாது. உள்ளே இருப்பவர்தான் திறக்க வேண்டும். அந்தப் படத்தை ஆயிரக்கணக்கில் அடித்தவனுக்கு, 'ஏற்கவா' என்று போன் கேட்பதன் அருமை புரிய இவ்வளவு நாளாயிற்று. கர்நாடகத்தில் 2022இல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2023இல் அதை விலக்க அமைச்சரவை முடிவெடுத்தது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கேட்காதவர் சட்டைப்பைக்குள் கைவிடுவது ஊழியம் ஆகாது.

கடையையும் கோயிலையும் கலக்காதே. ஒரு புத்தாண்டுக்கு வாக்குத்தத்தப் படத்தின் அடியில் 'கல்யாணப் பத்திரிகைக்கு அணுகவும்' என்று கடை எண்ணைப் போட்டேன். பல வருஷ வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வந்து, "வசனத்துக்குக் கீழே விலைப்பட்டியல் தொங்குதே தம்பி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குத்தான் முகம் சுண்டியது. அதற்குப் பிறகு கடையில் கடை விஷயம் மட்டும். பத்திரிகை மாதிரிகளை ப்ளூடூத்தில் வாடிக்கையாளர் போனுக்கு ஏற்றிவிடுவேன். வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் காட்டித் தேர்ந்தெடுத்து வருவார்கள். கடைக்குள் வந்தவர், தானாகக் கேட்டவர், கையில் ஒரு பயனுள்ள பொருள். தொழிலில் அதைவிட நல்ல விளம்பரத்தை நான் பார்த்ததில்லை.

ஏன் போயிற்று, இப்போது என்ன?

ஐபோன் ஆரம்பத்திலிருந்தே இப்படிக் கோப்பு வாங்காது. ஆண்ட்ராய்டு போனோ இரண்டு நிமிஷம் மட்டும் தன்னை வெளிக்காட்டிவிட்டு மறைந்துகொண்டது. அதோடு வாட்ஸ்அப் வந்தது. டாங்கிள் மேசை டிராயருக்குள் போனது. 2013இல் ஆப்பிளும் 2015இல் கூகுளும் 'பீக்கன்' என்ற சிறு ப்ளூடூத் கருவிகளுக்கான முறைகளைக் கொண்டுவந்தன. கடை முன்னால் நடந்தால் போனில் அறிவிப்பு வரும். வேண்டாத விளம்பரங்கள் குவிந்ததால் 2018 டிசம்பரில் கூகுள் அந்த அறிவிப்புகளையே நிறுத்திவிட்டது. ஐபோனின் ஏர்டிராப்பும் 2022 முதல் 'எல்லோருக்கும்' என்ற கதவைப் பத்து நிமிஷத்தில் தானே சாத்திக்கொள்கிறது. நான் திருவிழாவில் கற்றதைத்தான் பெரிய கம்பெனிகளும் கற்றிருக்கின்றன.

தூரம் எல்லையில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் இந்த நகரம் பார்த்தது. 2012 ஆகஸ்டில் வதந்தி எஸ்.எம்.எஸ்.களை நம்பி, வடகிழக்கு மாநிலத்தவர்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூரை விட்டு ரயிலேறினார்கள். மத்திய அரசு, ஐந்துக்கு மேல் மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்புவதைப் பதினைந்து நாளுக்குத் தடை செய்தது. அனுப்பியவர் முகம் யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப் குழு நடத்தும் ஊழியர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

இன்று தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். கைப்பிரதியின் பின்பக்கம் க்யூஆர் கோடு அச்சிடுங்கள். வேண்டியவர் தானாக ஸ்கேன் செய்வார். கடை கல்லாவில் என்எஃப்சி ஸ்டிக்கர் ஒட்டலாம். சில சென்டிமீட்டர் தூரத்தில் போனைக் காட்டினால் உங்கள் பக்கம் திறக்கும். 2020 ஜூனில் தடை செய்யப்பட்ட ஷேர்இட், ஸெண்டர் செயலிகளைத் தேட வேண்டாம். ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கும் க்விக் ஷேர் போதும். எண் வாங்கினால் எதற்கென்று சொல்லி வாங்குங்கள். இன்னொன்று: 2022இல் அறிவிக்கப்பட்ட ஆராகாஸ்ட் என்ற ப்ளூடூத் ஒலிபரப்பு பரவினால், தமிழ்ப் பிரசங்கத்தின் கன்னட, ஆங்கில மொழிபெயர்ப்பை அவரவர் காதிலேயே கேட்கலாம். நாலு மொழிக்காரர்கள் ஒரே பெஞ்சில் உட்காரும் பெங்களூர் சபைகளுக்கு அது பெரிய வரம்.

போன மாதம் சாயங்கால ரயிலில் எதிரே புதுப் பையன் ஒருவன். நாங்கள் பாடி முடித்ததும், "அண்ணே, அந்தப் பாட்டு உங்க போன்ல இருக்கா? இங்க நெட் இல்ல" என்றான். தேடிப் பார்த்தேன். பட்டியலில் ஐந்தாறு பெயர்கள் வந்தன.

"இதுல நீ யாருப்பா?" என்றேன்.

பெயரைச் சொல்லாமல் கையைத் தூக்கினான்.